காலிப் பணியிடம் வாங்கிய கேடயம்

உயிருள்ள ஆசிரியரைவிடக் காலியான ஆசிரியர் பணியிடமே மேலானது என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய பெருமை, மரக்காணம் உப்பளங்களை ஒட்டியுள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியைச் சேரும். ஆசிரியருக்குச் சளி பிடிக்கும். மாமியார் சாவுக்கு விடுப்பு கேட்பார். சொந்த ஊருக்கு மாறுதல் கேட்பார். கடைசியில் ஒருநாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓய்வுபெற்றுப் போயே விடுவார். காலிப் பணியிடம் அப்படியல்ல. அது தாமதமாக வந்ததில்லை, பிள்ளைகளை அடித்ததில்லை, அகவிலைப்படி கேட்டுக் கொடி பிடித்ததில்லை.

அந்தப் பள்ளியில் அப்படிப்பட்டவை இரண்டு இருந்தன. இரண்டும் வேதியியல்.

அவற்றில் ஒன்றில் உட்கார வேண்டியவள் சாமுண்டீஸ்வரி. பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண், அதே பள்ளியில் படித்தவள். ஆசிரியர் தேர்வில் மற்ற எல்லோரையும் முந்தி மதிப்பெண் வாங்கிவிட்டாள். வழக்கே அந்த அவசரத்திலிருந்துதான் தொடங்கியது.

இரண்டு இடங்களில் ஒன்று பொது. மதிப்பெண் இருந்தால் எவரும் வரலாம். மற்றது அவளுடைய வகுப்புக்கான ஒதுக்கீடு. அவள் பொதுவில் போனால், ஒதுக்கீட்டு இடம் அவள் வகுப்பிலேயே அடுத்து வந்த தெய்வநாயகிக்குக் கிடைக்கும். தெய்வநாயகி பக்கத்து வீடு. இருவரும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தவர்கள். சட்டம் இதில் தெளிவாகவே இருந்தது. ஆனால் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில், சட்டத்தைவிட மரியாதை தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குன்னே கவர்மென்ட் ஒரு இடம் ஒதுக்கி வெச்சிருக்கும்போது, பொது இடத்துக்கு ஏம்மா வர்றீங்க?"

"மார்க் இருக்குது சார்."

"மார்க் இருக்குதும்மா, யாரு இல்லன்னாங்க? சொந்த வீடு இருக்கறவங்க சத்திரத்துல வந்து படுப்பாங்களா?"

இப்படி அன்பாகக் கடிந்துகொண்டு, அவளை 'சொந்த வீட்டில்' எழுதினார். பொது இடம், இரு பெண்களுக்கும் நடுவே மதிப்பெண் வாங்கியிருந்த பொம்மையார்பாளையத்து விஜயகுமாருக்குப் போனது. தெய்வநாயகி வெளியே நின்றாள்.

அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. தோழியைப் பொது இடத்துக்கு மாற்றச் சொல்லி வழக்குப் போட வேண்டும். வழக்கில் தோழியையும் சேர்க்க வேண்டும்.

"வக்கீலு உன்னப் பிரதிவாதின்னு போட்டிருக்காரு சாமு. மனசுல வெச்சிக்காத."

"போடு. நான் ஜாஸ்தி மார்க் வாங்கினதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"இன்னொண்ணு. கேஸ் முடியற வரைக்கும் எதிர்ப்பக்கத்து ஆளுங்ககிட்ட பேசக்கூடாதாம்."

"இப்ப பேசறியே?"

"நாளையிலேருந்து."

விஜயகுமார் பதில் மனுப் போட்டான். சாமுண்டீஸ்வரி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்பது அவன் கோரிக்கை. எல்லாவற்றையும் விசாரித்து முடிக்கும் வரை இரு பணியிடங்களிலும் யாரையும் அமர்த்தக் கூடாது என்று தடையாணை வந்தது. யார் ஜெயித்தாலும் சாமுண்டீஸ்வரிக்கு வேலை உண்டு. ஆகவே அவளுக்குக் கெடுதல் செய்ய வேண்டுமென்றால் ஒருவரும் ஜெயிக்காமல் இருக்க வேண்டும். நீதி பரிபாலனம் அந்த நடுநிலையை வழுவாமல் கடைப்பிடித்தது.

வாய்தாவுக்கு வாய்தா மூவரும் சென்னைக்குப் போனார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வரும் பஸ்ஸில் விஜயகுமார் முன்னதாகவே ஏறி, துண்டு போட்டு மற்ற இருவருக்கும் இடம் பிடித்து வைப்பான். நடுவில் அவன் உட்காருவான். பேச்சுவார்த்தை அவன் மூலம் நடக்கும்.

"சார், என் தண்ணி பாட்டில் அவங்க பையில இருக்குது. கேளுங்க," என்பாள் தெய்வநாயகி.

"மேடம், மனுதாரர் தண்ணி கேக்கறாங்க."

"தர்றேன். புளிசாதத்த எப்பப் பிரிப்பாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க," என்பாள் சாமுண்டீஸ்வரி.

"மாமல்லபுரம் தாண்டட்டும்னு சொல்றாங்க." கொஞ்சம் தயங்கி, "எனக்கும் இருக்குதான்னு கேக்கவா?" என்பான்.

"ரெண்டாம் பிரதிவாதிக்கு அப்பளம் தனியா வெச்சிருக்குது," என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தெய்வநாயகி சொல்வாள்.

இதற்கிடையில் பள்ளியில் ஒரு சிறு அசௌகரியம். பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். உப்பளக் கூலிக்காரர் பிள்ளைகளும் மீன்பிடிக்கிறவர் பிள்ளைகளும். வேதியியல் பாடவேளையில் அவர்கள் காலி நாற்காலியைப் பார்த்தபடி அமைதியாக இருக்கப் பழகியிருந்தார்கள். இந்த ஒழுக்கம் பொறுக்காமல் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தவர் கொளஞ்சியம்மாள். உப்பு வாருகிறவர், பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி, கடைசி பெஞ்சில் ஒரு மகள்.

"அந்த மூணு பேரும் சும்மாதான் கீறாங்க. வந்து சொல்லிக் குடுக்கச் சொன்னா இன்னா?"

தலைமையாசிரியர் செல்லப்பன் எழுந்து கதவைச் சாத்தினார். "தடையாணை இருக்குதும்மா. அந்த நாற்காலியில ஒருத்தர் உக்காந்தா நான் கோர்ட்ல போய் நிக்கணும்."

"உக்கார வேணாம். நின்னுக்கினே சொல்லட்டும்."

"யார் பேர்ல எழுதறது?"

"பேரு இன்னாத்துக்கு? அளத்துல ஒருத்தி வரலன்னா பக்கத்துப் பாத்திக்காரிங்க அவ பாத்தியையும் சேத்து வாரி வுட்டுருவோம். அப்படியே வுட்டா உப்பு இறுகிப்பூடும். அதுக்கெல்லாம் பேரு எழுதறதில்ல. மறுநாளு அவ வந்து அவ பாத்தியில நிப்பா. அவ்ளோதான்."

பெயரே எழுத வேண்டாத ஏற்பாட்டைக் கேட்டதும் செல்லப்பனின் முகம் தெளிந்தது. அவருடைய பணிக்காலத்தில் இவ்வளவு பாதுகாப்பான நிர்வாக யோசனையை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

சம்பளமில்லை, பதிவேடில்லை. மூவரும் வந்தார்கள். பாடத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். தோழிகள் பேசிக்கொள்ள முடியாததால் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினார்கள். 'அமிலம் தீர்ந்துவிட்டது – மனுதாரர்.' 'நாளை வாங்கி வருகிறேன் – முதல் பிரதிவாதி.' 'யாரோ என் சுண்ணாம்புக் கட்டிகளை எடுத்துவிட்டார்கள் – இரண்டாம் பிரதிவாதி.' பிள்ளைகள் வேதியியலோடு நீதிமன்ற நடைமுறையையும் கற்றுத் தேர்ந்தார்கள். மூவரில் எவரும் நாற்காலியைத் தொடவில்லை. கால் வலித்தால் சாமுண்டீஸ்வரி ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொள்வாள். அங்கிருந்து பார்த்தால் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். தலைமையாசிரியர் அந்த வழியே போகும்போது மட்டும் கூரையை ஆராய்ந்தபடி போவார்.

அந்த ஆண்டு வேதியியலில் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற்றார்கள். பள்ளி வரலாற்றில் முதல் முறை.

மாவட்டத்திலிருந்து ஓர் உயர் அதிகாரி கேடயத்தோடு வந்தார். பந்தல், ஒலிபெருக்கி, ரோஸ்மில்க். "ஆசிரியர் இல்லாமலேயே நூறு சதவீதம்," என்று அவர் மேடையில் உருகினார். "ஆசிரியர்கள் இருக்கிற பள்ளிகள் வெட்கப்பட வேண்டும்." கேடயத்தைக் காலிப் பணியிடத்தின் சார்பில் செல்லப்பன் பெற்றுக்கொண்டார்.

கொளஞ்சியம்மாள் எழுந்து நின்றார். "ஐயா, ஆளு இல்லாம ஒண்ணும் இல்ல. தோ, இந்த மூணு பேருதான் சொல்லிக் குடுத்தாங்க."

அதிகாரியின் முகத்தில் இருந்த உருக்கம் மெல்ல வடிந்தது. "தடை இருக்கறப்ப இங்க யாராவது பாடம் நடத்தினாங்களா?"

செல்லப்பன் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சாமுண்டீஸ்வரியைப் பார்த்தார். ஓய்வுபெற ஓராண்டுகூட இல்லாத மனிதர். பிள்ளைகளும் அவளையே பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட அவளுக்கு நாக்கு துடித்தது. முன்வரிசையில் அவளிடம் மோலாரிட்டி கணக்குப் போடக் கற்ற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரும் நடத்தல சார்," என்றாள் சாமுண்டீஸ்வரி. "பசங்களே படிச்சிக்கினாங்க."

"அதான பாத்தேன்," என்று அதிகாரி மீண்டும் உருகத் தொடங்கினார்.

கொளஞ்சியம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அளத்தில் பேர் எழுதாவிட்டாலும் எது யாருடைய பாத்தி என்று எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தில், பேர் எழுதாமல் வாரிய பாத்தி, யாரும் வாராமல் தானாகவே வாரிக்கொண்ட பாத்தி. இந்த வேறுபாட்டை மேலாண்மைக் குழுவுக்கான பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. ஆசிரியர் இன்றி முழுத் தேர்ச்சி காட்டியிருப்பதால், மேற்படி பள்ளியின் இரு வேதியியல் பணியிடங்களும் 'உபரி' என்று கண்டறியப்பட்டு அரசிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

அடுத்த வாய்தாவில் அரசு வழக்கறிஞர் அந்த உத்தரவை எடுத்து நீட்டினார். பணியிடமே இல்லாதபோது அது பொதுவா, ஒதுக்கீடா என்ற கேள்வி எழவில்லை. மனு முடித்துவைக்கப்பட்டது. அதுவரை ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கு, ஒரு தும்மல் போடும் நேரத்தில் தீர்ந்தது. இரு தரப்புக்கும் துளியும் பாரபட்சம் காட்டாத தீர்ப்பு என்று நீதிமன்ற வராந்தாவில் பலரும் பாராட்டினார்கள்.

தெய்வநாயகி தூணோரம் நின்றிருந்தாள். "சாமு, கேஸ் முடிஞ்சிடுச்சு. இப்ப பேசலாம் இல்ல?"

"பேசேன்."

தெய்வநாயகி கிட்டே வந்தாள். சாமுண்டீஸ்வரியின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். விஜயகுமார் பழக்கத்தில் இருவருக்கும் நடுவே வந்து நின்று, பிறகு நகர்ந்துகொண்டான்.

தெய்வநாயகியின் வழக்கறிஞர் கருப்பு அங்கியை மடித்தபடி ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதீங்க. பாஸ் பர்சன்டேஜ் விழுந்துச்சுன்னா அந்த போஸ்ட்டைத் திரும்பக் கேக்கலாம். நல்லா விழணும். ரெண்டு வருஷம் சேர்ந்தாப்ல விழுந்தா ஸ்ட்ராங் கேஸ்."

"விழறதுக்கு நாங்க இன்னா பண்ணணும் சார்?" என்று விஜயகுமார் கேட்டான்.

"ஒண்ணுமே பண்ண வேணாம். ஸ்கூல் பக்கம் போகாம இருங்க, போதும்."

திரும்பும் பஸ்ஸில் மூவரும் ஏறிக்கொண்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பேசத் தடை இருந்த நாளில் அவர்கள் இவ்வளவு மௌனமாக வந்ததில்லை. மரக்காணம் நெருங்கும்போது சாமுண்டீஸ்வரியின் போன் அடித்தது. கொளஞ்சியம்மாள்.

"ஏம்மா, கேஸ் இன்னா ஆச்சு?"

"முடிஞ்சிடுச்சுக்கா."

"ஜெயிச்சது யாரு?"

"யாரும் இல்லக்கா. போஸ்ட்டே போயிடுச்சு."

கொளஞ்சியம்மாள் தயங்கித் தயங்கி, "அன்னிக்கி நான் பேரு எழுத வேணாம்னு சொன்னதுனாலயா?" என்றார்.

"அதெல்லாம் இல்லக்கா."

"புது செட்டு பசங்க வந்திருக்குது. திங்கக்கெழம அந்தப் பாட வேளைக்கு… நான் கேக்கக்கூடாதுதான்."

சாமுண்டீஸ்வரி போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்ற இருவரையும் பார்த்தாள். மூவருக்கும் சட்டம் இப்போது தெளிவாகப் புரிந்தது. அவர்கள் போனால் பிள்ளைகள் ஜெயிப்பார்கள், இவர்களுக்கு ஆயுசுக்கும் வேலை இல்லை. போகாவிட்டால் பிள்ளைகள் தோற்பார்கள், இவர்கள் வேலை கேட்கலாம். இரண்டில் ஒரு கூட்டம் தோற்றே ஆக வேண்டும்.

தெய்வநாயகி தலையசைத்தாள். விஜயகுமார், "எனக்கு முதல் பீரியட் வேணாம், பஸ் கிடைக்காது," என்றான்.

"வர்றோம்க்கா," என்றாள் சாமுண்டீஸ்வரி.

பொதுவா, ஒதுக்கீடா என்ற சண்டையெல்லாம் ஜெயிப்பதற்கு மட்டும்தான். தோற்பதில் அந்தக் கடற்கரைக்கு நூறு சதவீத ஒதுக்கீட்டை அரசு எப்போதோ கொடுத்துவிட்டது. அதை எதிர்த்து இன்றுவரை யாரும் தடை வாங்கியதில்லை.