வெள்ளை மூடிக்காரர்

தெர்மோகோல் பெட்டியின் மூடியைத் திறக்கும்போது ஒரு சத்தம் வருமே, பல் கூசும்படி 'கிறீச்' என்று. அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் மீன்காரர் பெட்டியைத் திறந்தால் எல்லோரும் வஞ்சிரத்தை எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு மட்டும் டப்பா அண்ணாத்தே நினைவு வருகிறது.

அம்பத்தூரிலிருந்து வேப்பம்பட்டு வரை, அடுத்தவர் மூத்திரத்தை அவரளவு மரியாதையோடு கேட்டு வாங்கிய மனிதர் வேறொருவர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப்போவதும் இல்லை. ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி, அதனுள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். குல்ஃபி என்று நினைத்து வண்டியை நிறுத்தியவர்கள் உண்டு. ஒரு ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காக வீடுவீடாகச் சேகரிக்கிற வேலை அவருக்கு. நுரையீரலில் புற்று முளைத்தால் அதன் தடயம் சிறுநீரில் தெரியுமா, புகைக்கிறவர்களிடமும் புகைக்காதவர்களிடமும் ஒரேபோல் தெரியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. இதை டீக்கடையில் அவர் எங்களுக்கு விளக்கிய விதமே வேறு.

"உள்ள போன பொகை வாசப்பக்கம் பாதிதான் வரும் சார். மீதி கொல்லப்பக்கமா வந்துதானே ஆவணும்? அங்க நின்னுகினு புடிக்கிறாங்க."

ஆராய்ச்சி செய்த டாக்டர்கள் கேட்டிருந்தால் வேலையை விட்டிருப்பார்கள்.

புகைக்கிறவர்களைப் பிடிப்பது அவருக்குச் சுலபம். தினமும் காலையில் டீக்கடைப் புகைமூட்டத்தின் நடுவில் வந்து நிற்பார். நாங்கள் ஊத ஊத, கண்ணைக் கசக்கிக்கொண்டே சம்மதம் வாங்குவார். புகைக்காதவர்கள்தான் தகராறு. "நான் அதைத் தொடவே மாட்டேன், என்னோடது எதுக்கு?" என்பார்கள்.

"அதுக்குத்தான் நைனா! தொடாதவன்து இருந்தாதானே தொட்டவன்து தெரியும்? இதோ பாரு, நானே குட்த்துகீறேன்" என்று தன் டப்பாவை எடுத்து, குலதெய்வப் பிரசாதம் போல உயர்த்திக் காட்டுவார். பீடியைக்கூட உதட்டில் வைத்தறியாதவர்.

எங்கள் குடியிருப்பில் வேறு சிக்கல். வாசலில் நின்று புகைப்பழக்கம் பற்றிக் கேள்வி கேட்டால் மனைவிகள்தான் பதில் சொல்வார்கள். மூன்றாவது மாடி கோயம்புத்தூர் அம்மா, "எங்க வீட்டுக்காரருக்கு ஊதுபத்திப் பொகையே ஆகாதுங்க" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரரோ, இரண்டு விரலை உதட்டருகே காட்டிவிட்டு உடனே கையெடுத்துக் கும்பிட்டார்.

டப்பா அண்ணாத்தே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்வியெல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவில். புகைக்கிறவருக்கு நீல மூடி போட்ட டப்பா, மற்றவருக்கு வெள்ளை மூடி. வாசலில் ஒரு வார்த்தை கிடையாது. குடும்பங்கள் பிழைத்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை. அன்று காலை டப்பாவை நீட்டிய கோயம்புத்தூர் அம்மா சும்மாதான் கேட்டார்: "பக்கத்து வீட்டுக்கு வெள்ளைங்க, எங்களுக்கு மட்டும் ஏனுங்க நீலம்?"

வெள்ளை தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எதையாவது சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் வராது. வாயைத் திறந்தார், மூடினார், வியர்த்தார். "அது பொகை பார்ட்டிக்குமா" என்று சொல்லியே விட்டார்.

அன்று எங்கள் குடியிருப்பில் எந்த அடுப்பிலும் கறிக்குழம்பு கொதிக்கவில்லை. நீல மூடிக்காரர்கள் அத்தனை பேரும் மொட்டைமாடியில், வெள்ளத்துக்கு ஒதுங்கியவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம். இட்லிப் பொட்டலங்களோடு டப்பாவும் ஏறி வந்தார். "இன்னா சார் பண்றது, பொய்ன்னா நாக்கு பொரள மாட்டேங்குது."

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து யாருக்கோ போன் போனது. தடயத்தின் அளவு ஏறியிருக்கிறது, ஸ்கேன் எடுக்க வாருங்கள் என்று. நீல மூடிக்காரர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். எங்களில் ஒருவருக்கும் இல்லை. போன் டப்பா அண்ணாத்தேவுக்கு வந்திருந்தது. அவருடைய வெள்ளை மூடிக்கு. ஸ்கேனும், அதற்குப் பிறகு சதை எடுத்துப் பார்த்த சோதனையும் நுரையீரலில் புற்று என்றே சொல்லின.

நோய் பரவுவதற்கு முன்னால் பேச்சு பரவியது. "ஊருக்கெல்லாம் மூடி குடுத்தவரே நீலமுங்களா?" என்று கோயம்புத்தூர் அம்மா மூன்றாவது மாடியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். வெளியார் கேட்டால் போகட்டும். நெமிலிச்சேரியில் அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "தெனம் இவரு சட்டய நாந்தான் தோய்க்கிறேன். அதுல பொகை வாட இல்லன்னு சொல்லச் சொல்லு பாக்கலாம்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர், உண்மையை நம்பவைக்கவும் தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த தோளில் சட்டை தொங்கியது.

"அக்கா, அது எங்க வாடை" என்றேன். டீக்கடையைச் சொன்னேன், அவர் தினமும் எங்கள் நடுவில் நின்றதைச் சொன்னேன். அந்தப் புகைதான் காரணம் என்று டாக்டர்கள் சொல்லவில்லை. தொடாதவர்களுக்கும் வரும் என்றார்கள், அவ்வளவுதான். அக்கா கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவி முகத்தில் வைத்து முகர்ந்தார். வைத்த முகத்தை எடுக்கவேயில்லை.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது, ஆஸ்பத்திரியில் சேரப் போகும் வழியில் அவர் ஆட்டோ எங்கள் வாசலில் நின்ற காலையில். அக்கா அவர் கையைக் கோத்துப் பிடித்திருந்தார். பெட்டி இல்லாமல் அவர் எங்கள் தெருவுக்கு வந்ததை அன்றுதான் பார்த்தேன். மிச்சமிருந்த ஒரு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், யாராச்சும் கேட்டா வெள்ள மூடின்னு சொல்லு."

"சொல்றேன் அண்ணாத்தே." ஆட்டோவின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

ஆட்டோ கிளம்பியது. தலையை வெளியே நீட்டினார்.

"இவ்ளோ மெதுவா சொன்னா எப்டி? சத்தமா சொல்லு சார், மூணாவது மாடிக்கு கேக்க வாணாம்?"