சர்வேச் சங்கிலியும் கொண்டை ஊசியும்

காலை மணி ஏழே கால். காமயகவுண்டன்பட்டியில் அந்த வீட்டின் முன் எங்கள் மாட்டு வண்டி நின்றதும் நான் முதலில் பார்த்தது கோலத்தை. வாசலை முழுதாக அடைத்த கோலம், ஓரத்தில் செம்மண் பட்டை. சாணம் தெளித்த ஈரம்கூடக் காயவில்லை. வீட்டை விற்கப் போகிறவர்கள், வாங்க வருகிறவனுக்காக இவ்வளவு பெரிய கோலம் போடமாட்டார்கள் என்பது ஒரு சாதாரண மனிதனுக்கு அங்கேயே உறைத்திருக்கும். நான் சாதாரண மனிதன் இல்லை. மதுரைப் பத்திரிகை ஒன்றின் கம்பம் நிருபர். கோலம் எனக்காகத்தான் என்று முடிவுகட்டி, அதை மிதிக்காமல் பெருந்தன்மையோடு சுற்றிக்கொண்டு போனேன்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷம், வைகாசி மாதம். எனக்கு இருபத்தேழு வயது. (நிருபர் வேலை பெருமைக்கு. சோற்றுக்கு ஏலக்காய் மண்டியில் குமாஸ்தா வேலை.)

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அந்த நாளில் அளவுப் பைத்தியம் இருந்தது. எங்காவது தீப்பிடித்தால் எரிந்த கூரையின் நீள அகலத்தைச் செய்தியில் எழுதுவேன். யானை செத்தால் தும்பிக்கையை அளந்து எழுதுவேன். மதுரையில் உதவி ஆசிரியர் அந்த வரிகளை ஒழுங்காக அடித்துவிடுவார். நானும் விடாமல் எழுதுவேன்.

அதனால்தான் வீடு வாங்கப் போகிறேன் என்றதும், "மொதல்ல ஒரு கொத்தனாரக் கூட்டிக்கிட்டுப் போங்க, செவத்தத் தட்டிப் பாக்கட்டும்" என்று என் மனைவி சொன்னது காதில் ஏறவில்லை. "ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பாரும்" என்று மண்டியில் மூத்த குமாஸ்தா சொன்னதும் ஏறவில்லை. கொத்தனார் சுவரைத் தட்டிவிட்டு "பரவால்ல" என்பார். அதைச் சட்டம் போட்டு மாட்ட முடியுமா? நான் போய்ப் பிடித்தது ஒரு ஓய்வுபெற்ற சர்வேயரை. நூறு கண்ணி கொண்ட இரும்புச் சங்கிலி அவரிடம் சொந்தமாகவே இருந்தது. வீட்டையும் மனையையும் அளந்து, துணி ஒட்டிய காகிதத்தில் மையால் பிளான் போட்டுத் தருவார். வடக்கு எது என்று அம்புக்குறிகூட இருக்கும். அம்புக்குறி என்றதும் நான் மயங்கிவிட்டேன்.

வீட்டுக்காரர் பெயர் சுருளியாண்டி. வியாழக்கிழமை வருவதாக அவருக்குக் கார்டு போட்டிருந்தேன். சர்வேயருக்குப் புதன்கிழமைதான் ஒழிந்தது. ஒரு நாள் முன்னால் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று புதன்கிழமையே கிளம்பிவிட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு, சலவை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார் சுருளியாண்டி. என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"நீக நாளைக்கித்தான வாரதாக் காயிதம் போட்டிருந்தீக!"

"ஒரு நாள் முந்தி வந்துட்டோம்" என்றேன், ஏதோ உபகாரம் செய்தவன் மாதிரி.

அவர் என் கையைப் பிடித்து மாட்டுத் தொழுவத்துப் பக்கம் இழுத்துப்போனார். அதற்குள் சர்வேயர் முளைக்குச்சியையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் கொல்லைப்புறம் போய்விட்டார். சுருளியாண்டியின் குரல் தாழ்ந்தது.

"பொன்னு கெடச்சாலும் பொதன் கெடைக்காதுண்டு இன்னைக்கிப் பாத்து பொண்ணு வீட்டுக்காரவுக வீடு பாக்க வாராக. மகனுக்குக் கலியாணம். மயிலாடும்பாறைப் பக்கம். வீட்ட விக்கிற சேதி அவுகளுக்குத் தெரியாது."

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதோடு காரியம் முடிவதில்லை. பெண் வாழப்போகும் வீட்டைப் பெண் வீட்டார் வந்து பார்த்துத் தலையசைத்தால்தான் பரிசம். அது எனக்கும் தெரியும்.

"வீட்டை வித்துட்டா மகனும் மருமகளும் எங்க இருப்பாங்க?" என்று கேட்டேன்.

"மலைக்கு மேல ஏலத்தோட்டம் எடுத்துருக்கேன்ல. அங்கன செட்டு போட்டுருக்கு."

"என்ன செட்டு?"

"ஓலைச் செட்டுதான். அதெல்லாம் தாலி ஏறுனப்பறம் பேசிக்கிருவோம்."

அந்தத் தோட்டங்களைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன். மழைக்காலத்தில் அட்டை, மற்ற மாதங்களில் காய்ச்சல். மேலே போன குடும்பங்களில் பாதி, போர்த்திக்கொண்டு கட்டிலில் இறங்கி வரும். முகம் தெரியாத ஒரு பெண் அங்கே போகப்போகிறாள். அவள் வீட்டாருக்குக் காட்டப்படுவது இந்தக் காரை வீடு.

என் முகத்தில் எதையோ படித்துவிட்டார் சுருளியாண்டி. "ஒரு மணி நேரம் வாயத் தொறக்காம இருங்க. வீடு ஒங்களுக்குத்தான். வேற எவன் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

நான் தலையாட்டிவைத்தேன். உண்மையை உரைப்பதே என் தொழில் என்று கம்பத்தில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியவன் நான். (கைதட்டினார்கள்.)

மணி ஏழு நாற்பது. தெருமுனையில் இன்னொரு வண்டி திரும்பியது.

இறங்கியவர்கள் இரண்டு பேர். பெண்ணின் தகப்பனார் கருப்பையா, ஒல்லியான, எதைக் கேட்டாலும் சந்தோஷப்படத் தயாராக இருந்த மனிதர். அவருடைய அக்கா பேச்சியம்மாள், நாற்பத்தைந்து வயதிருக்கும், இறுக்கிப் போட்ட கொண்டை. பெண்ணுக்கு அத்தை.

கருப்பையா என்னைப் பார்த்தார். "இவுக யாரு?"

"மாடி எடுக்கப் போறோம்ல, அளக்க வந்துருக்காக" என்றார் சுருளியாண்டி, மூச்சு விடாமல்.

"மாடியா!" கருப்பையாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "எத்தன ரூம்பு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு" என்றேன். அதோடாவது விட்டேனா? "மேற்க பாத்து ரெண்டு ஜன்னல். மலைக்காத்து நேரா வரும்."

"கேட்டியாக்கா, மலக்காத்தாம்!"

பேச்சியம்மாள் கேட்டமாதிரி தெரியவில்லை. நடுவறை வாசலையொட்டி விரித்திருந்த ஜமுக்காளத்தில் தம்பி உட்கார்ந்தார், அவள் உட்காரவில்லை. "குடிக்கத் தண்ணி வேணும். நானே எறச்சுக்கிறேன்" என்று முற்றத்துக் கிணற்றுக்குப் போனாள்.

அவள் வாளியை இறக்கினாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. இழுக்கும்போது கயிற்றில் ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள், பிறகு இன்னோரிடத்தில். இரண்டு ஒட்டு. தண்ணீர் இறங்க இறங்க நீட்டிய கயிறு.

"பெரியாத்துத் தண்ணி தொறந்தா கெணறு ததும்பும்மா" என்றார் சுருளியாண்டி.

"தொறக்காத மாசத்துலயும் எங்க புள்ள தண்ணி குடிக்குமே அண்ணே" என்றாள் சாவகாசமாக.

மணி ஏழு ஐம்பத்தைந்து. உள்ளே போனாள். நெல் போட்டுவைக்கும் குலுக்கை மூலையில் இருந்தது, என் தோளுயரம். போகிற போக்கில் அதை விரல் முட்டியால் தட்டினாள். காலி என்று எனக்கே கேட்டது. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள். மண் சுவரின் அடியில் விரலால் சுரண்டி, விரலை முகர்ந்தாள். நடுவறையில் நின்று மேல் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தாள். எதைப் பார்க்கிறாள் என்று நானும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது நாலு ஆணி.

கொல்லைப்புறத்திலிருந்து சர்வேயரின் குரல் வந்தது. "சார், கிழமேல் ஐம்பத்திரண்டு கண்ணி! குறிச்சுக்குங்க!"

கிழக்கு மேற்கு நீளத்தை நான் குறித்துக்கொண்டேன். அவளைப் பார்த்துக்கொண்டே எழுதியதால் ஐம்பத்திரண்டு இரண்டு வரியில் விழுந்தது.

பேச்சியம்மாள் நடுவறை வாசலுக்கு வந்து, தலைக்கு மேலிருந்த உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். பெரிய உத்தரம், புதிதாக எண்ணெய் தடவிப் பளபளவென்று இருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். முக்காலி ஒன்றின் மேல் ஏறி, உத்தரத்தில் குத்தினாள். ஊசி, வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி, தலைவரை இறங்கியது. வெளியே இழுத்ததும் பின்னாலேயே கரையான் மண் பொலபொலவென்று உதிர்ந்து கருப்பையாவின் வேட்டியில் விழுந்தது.

அவள் ஊசியை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, மாடி எதும்மேல நிக்கப் போகுது?"

"மாத்திப்புடுவோம் தாயி, புது உத்தரம் போட்டுப்புடுவோம்" என்று சுருளியாண்டி முந்திக்கொண்டார். அவர் நெற்றியில் திருநீறு நனைந்துவிட்டது. நானும் வேகமாகத் தலையாட்டினேன். அடுத்த நிமிஷம் தப்பித்துவிடுவோம் என்றுகூடத் தோன்றியது.

சர்வேயர் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்கு இந்த வீட்டில் ஐம்பத்திரண்டு கண்ணியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெளிவாக, கோர்ட்டில் சாட்சி சொல்கிற குரலில் கேட்டார்:

"பத்திரத்தில் உள்ள நாலு எல்லையும் சரியா இருக்கு சார். பிளான்ல வாங்குறவர்னு உங்க பேரைப் போடவா, வீட்டம்மா பேரைப் போடவா?"

கருப்பையா எழுந்து நின்றார். சுருளியாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டார் (எந்தச் சுவர் என்று பார்க்காமல்). பேச்சியம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, மறைக்காமச் சொல்லு. நீ மாடி எடுக்க வந்தியா, வீடு எடுக்க வந்தியா?"

வாழ்க்கையில் அப்படி நேராக என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் வீடு போகும். பொய்யைச் சொன்னால் அந்தப் பெண் மலைக்குப் போவாள். இரண்டையும் சொல்ல முடியாமல் வாய் தானாகத் திறந்தது.

"கிழமேல் ஐம்பத்திரண்டு கண்ணி" என்றேன்.

அவள் என்னை முழுதாக ஒருமுறை அளந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். "பாவம், படிச்ச பிள்ள" என்றாள் தம்பியிடம்.

பிறகு சுருளியாண்டியைப் பார்த்தாள். "நீக சொல்ல வேணாம் அண்ணே. உள்ள நொழஞ்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஆணிதான் இருக்கு, படம் ஒண்ணுங்கூட இல்ல. சாமி மொதல்லயே மலையேறிட்டாரு. நீக எப்பப் போறதா இருக்கீக?"

அப்போதுதான் அறைக்கதவின் பின்னால் நின்றிருந்த மாப்பிள்ளைப் பையனை அவள் கூப்பிட்டாள். முத்தையா என்று பேர். புதுச் சட்டை, கழுத்தில் பொத்தான் போட்டு இறுக்கியிருந்தது.

"ஏலே முத்தையா, இங்கன வா. நீ சொல்லு. எங்க புள்ள எங்க இருக்கப்போறா?"

பையன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் கண்ணாலேயே கெஞ்சினார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மலைல ஆத்தா. ஓலைச் செட்டு. மழைக்கு ஒழுகும். நான் வேணாமுண்டுதான் சொன்னேன், அய்யா கேக்கல."

"அடப் பாவி மகனே!" என்றார் சுருளியாண்டி.

"வாக்கா, போவோம்" என்று கருப்பையா துண்டை உதறினார். அதிலிருந்தும் கரையான் மண் விழுந்தது.

"இருடா. உக்காரு." அவள் இப்போதுதான் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். "கரையான் வீட்டுலதான் இருக்கு. பயகிட்ட இல்ல."

மணி எட்டு இருபதிலிருந்து ஒன்பது வரை அங்கே நடந்தது நான் பார்த்த பேரங்களிலேயே சுத்தமானது. பெண்ணைக் கொடுப்பார்கள். ஆனால் வீட்டைப் பெண்ணின் பெயருக்குக் கிரயம் செய்ய வேண்டும், கருப்பையா வாங்கிக்கொள்வார். சுருளியாண்டி மலைக்குப் போகலாம், பையன் கீழே இருப்பான். விலை? உத்தரத்துக்கு ஒரு குறைப்பு, கிணற்றுக்கு ஒரு குறைப்பு, அடுப்படிச் சுவரில் ஏறிய ஈர ஓதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு விரலை மடக்கினாள். என்னிடம் கேட்ட விலையில் முக்கால் பங்கில் வந்து நின்றது. நான் அந்த விலையை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருந்தேன் என்பதைச் சுருளியாண்டி அந்த நாற்பது நிமிஷத்தில் மூன்று தடவை சொல்லிக் காட்டினார்.

கிளம்பும்போது பேச்சியம்மாள் கை நீட்டினாள். "தம்பி, அளந்த காயிதத்தக் குடுத்துட்டுப் போ. பத்திரத்துக்கு ஆகும்."

பேரம் நடந்த நேரத்தில் சர்வேயர் போட்டு முடித்திருந்த பிளானைக் கொடுத்தேன். சர்வேயர் அங்கேயே உட்கார்ந்து, வாங்குபவர் என்ற இடத்தில் பெண்ணின் பெயரைக் கேட்டு அழகாக எழுதினார். அளவுக் கூலியும் வண்டி வாடகையும் என் செலவு.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி நடந்ததை முழுதும் கேட்டாள். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கடைசியில், "அந்தம்மாவுக்குக் கொத்தனார் வேலை தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். சிரித்தது மறுநாள் காலையில், அடுப்படியில், தனியாக. எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் நான் நேராகப் பதில் சொல்லாவிட்டால், "என்ன, அம்பத்திரண்டு கண்ணியா?" என்பார்கள். மனைவி ஆரம்பித்தது, பிள்ளைகளுக்குப் போய், இப்போது மருமகனும் சொல்கிறார். சம்பந்தி வீட்டில் ஒருமுறை காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டார்கள். நான் யோசித்தேன். மருமகன் எனக்குப் பதிலாகச் சொல்லிவிட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது, எங்களுக்கும் பத்திரிகை வந்தது. தை மாதம் அந்த வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்குக் குடிபோனோம். ஏழு வருஷம் இருந்தோம்.