பதினேழு ஏ என்ற நன்கொடை நாடு

ஒரு ரோடு கடனில் போட்டதா, நன்கொடையில் போட்டதா என்பதை உள்ளங்காலாலேயே கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் சாய்ந்தமருதில், கடலை நோக்கிப் போகும் எங்கள் ஒழுங்கையின் முகப்பில், பதினேழு ஏ இலக்க வீட்டில் குடியிருக்கிறார். பெயர் புரொஜெக்ட் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏதோவொரு நாடு நன்கொடையாகப் போட்டுத் தந்த ரோடு என்றால், காக்கா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நட்டநடுவில் கையை வீசி நடப்பார். கடனில் போட்ட ரோடு என்றால் இறங்கி ஓரத்து மணலில் நடப்பார். நான் ஒருநாள் கேட்டேன்.

"என்ன காக்கா, பளிங்கு மாதிரி கார்பெட் ரோட்டு கிடக்க, மண்ணுக்குள்ள உழக்குறீங்க?"

"தம்பி, இது கடன்ல வந்த ரோட்டு. நம்மட பேரப்புள்ளைகள்தான் கட்டி முடிக்கணும். நாம என்னத்துக்கு அதைத் தேய்க்கிற?"

நன்கொடைப் பாலம் முடிந்து கடன் ரோடு தொடங்கும் இடத்தில் அவர் திடீரென்று ஓரத்துக்குப் பாய்வார். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்த இடத்தில் பிரேக் பிடிக்கப் பழகிவிட்டார்கள்.

இந்த ஞானம் அவருக்கு வகுப்பில் கிடைத்ததல்ல. கடல் வந்து ஊரை அள்ளிப்போன பிறகு, உதவிக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களுக்குக் காக்கா வாகனம் ஓட்டினார். பின்சீற்றில் வெள்ளைக்காரர்கள் நாள் முழுக்கக் கதைத்ததை முன்சீற்றில் இருந்து கேட்டுக் கேட்டு, பயனாளி, பங்களிப்பு, கண்காணிப்பு எல்லாம் அவருக்குப் பாடமாகிவிட்டது. கடைசியாகப் போன துரை தன் பனிநாட்டுக் கோட்டை நினைவாகக் கொடுத்துவிட்டுப் போனார். முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டு. கல்முனை வெயிலில் தார் உருகும் நாளிலும், எங்கே திறப்பு விழா நடந்தாலும், சாரனுக்கு மேல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு காக்கா முன்வரிசையில் இருப்பார். வியர்வை ஆறாக ஓடும். கழற்றமாட்டார்.

"உடுப்பு சரியா இல்லாட்டி உதவி கிடைக்காது தம்பி."

இப்படிப்பட்டவர் இருந்த ஒழுங்கைக்குத்தான் குழாய்த் தண்ணீர் இல்லை. முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. முன்பு ஒரு நாட்டின் நன்கொடையில் வந்த குழாய், ஒழுங்கை முகப்பில் காக்கா வீட்டு மதிலோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் கடற்பக்கமாக இருந்த பதினொரு வீட்டுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். அதில் தேநீர் போட்டால் உப்பும் சேர்ந்தே வரும். குடிக்கிற தண்ணீருக்குப் பள்ளிவாசல் குழாயடிக்கு வாளியோடு நடக்க வேண்டும். அந்தப் பதினொன்றில் என் வீடும் ஒன்று.

ஒருவழியாக வேறொரு நாட்டின் கடனில் எங்களுக்கும் குழாய் வந்தது. அதாவது, மண் வெட்டும் பெக்கோ வந்து ஒழுங்கையின் நடுவே நீளத்துக்கு வெட்டிவிட்டுப் போனது. நீலக் குழாய்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அந்த நேரம் பார்த்து, வாங்கிய வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று நாடே கைவிரித்தது. மறுநாளே வேலையாட்களைக் காணோம். பெக்கோவையும் காணோம். பள்ளம் மட்டும் இருந்தது. பெரிய குழாய் ஒன்றுக்குள் யாரோ வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது. எங்கள் ஒழுங்கையில் அந்தத் திட்டத்தால் பயனடைந்த முதல் குடும்பம் அதுதான்.

இடியப்பம் அவித்து விற்கும் ஹாஜறா ஒருநாள் காலையில் நிறைவாளியோடு அந்தப் பள்ளத்துக்குள் விழுந்தாள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் இடுப்பளவு பள்ளத்துக்குள் நின்றபடியே, குழாய் தந்த நாட்டையும் வாங்கிய நாட்டையும் சேர்த்து அவள் ஏசிய ஏச்சு பெரிய ரோட்டுக்குக் கேட்டது. அவளைத் தூக்கி எடுத்தது காக்காதான். அன்று பின்னேரம் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்தார்.

"நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கட வீட்டில கூட்டம். பதினேழு ஏ உங்களுக்குத் தண்ணி குடுக்க முடிவெடுத்திருக்கு."

"காக்கா, உங்கட பைப்பில ஒரு ஹோஸைப் பூட்டி விட்டாச் சரிதானே? என்னத்துக்குக் கூட்டம்?" என்றேன்.

"சும்மா குடுத்த திட்டம் ஒண்டும் நிலைச்சதில்ல தம்பி. ஒரு முறை இரிக்கு."

முறை என்றால் படிவம். பதினொரு வீட்டுக்கும் படிவம். நான் பள்ளிக்கூட ஆசிரியர். எழுதத் தெரிந்தவன் என்ற திமிரில், 'தண்ணீர் எதற்குத் தேவை' என்ற கேள்விக்கு 'குடிக்க' என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்.

"குறிக்கோள் தெளிவில்ல தம்பி. குடிக்கிற, சரி. குடிச்சதால சமூகத்தில என்ன மாற்றம் வரும்?"

ஹாஜறாவுக்கு எழுத நேரமில்லை. நேரில் விசாரணை நடந்தது.

"தங்கச்சி, திட்டம் முடிஞ்ச பிறகு தண்ணியை நீங்க எப்பிடிப் பேணுவீங்க?"

"குடிச்ச தண்ணியை எப்பிடிக் காக்கா பேணுற?"

காக்கா அதை 'சிக்கலான கேள்வி' என்று குறித்துக்கொண்டார்.

இப்படியே போனால் நாங்கள் தாகத்திலேயே போய்ச் சேர்ந்திருப்போம். காப்பாற்றியது அவருடைய மனைவி ஜெமீலா ராத்தா. மருதமுனையில் நெசவுச் சாரன் எடுத்து வீட்டில் வைத்து விற்பவர். அந்த வீட்டில் வருமானம் என்று ஒன்று இருந்தால் அது ராத்தாவுடையது. காக்கா மூன்றாவது படிவத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, ராத்தா எழுந்துபோய்க் குழாயில் ஹோஸைச் செருகித் திறந்துவிட்டார்.

"ஃபோர்மைப் பிறகு நிரப்புங்க. புள்ளைகள் உப்புத்தண்ணியில குளிச்சிட்டுப் பள்ளிக்கூடம் போகுது."

காக்கா ஹோஸைப் பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் 'அவசரகால உதவி' என்று எழுதி, அதற்கு ஒரு தலைப்பும் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஹோஸ் பள்ளத்தோரமாக வீடு வீடாக நகர்ந்தது. ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம். ஒழுங்கை முகப்பில் தகரத்தில் ஒரு பலகை ஏறியது. 'கடற்கரை ஒழுங்கை நீர் வழங்கல் திட்டம். நிதியுதவி: 17ஏ மக்கள்.' மூன்று மொழியிலும் இருந்தது. பதினேழு ஏ மக்கள் என்றால் காக்காவும் ராத்தாவும்தான். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டு, கோட்டோடு கண்காணிப்புக்கு வருவார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பதினோராவது வீட்டிலிருந்து திரும்பும்போது கொஞ்சம் அவசரமாக நடப்பார்.

மாத முடிவில் தண்ணீர்க் கட்டணம் வந்தது. அதைப் பார்த்து, பதினேழு ஏயின் திறைசேரி காலி என்பது காக்காவுக்கு விளங்கியது. ராத்தாவிடம் கடன் கேட்டார். ராத்தா கட்டிலில் சாரன்களை மடித்துக்கொண்டே நிபந்தனைகளைச் சொன்னார்.

"பீடி நிப்பாட்டணும். பிளேன்டீக்குச் சீனி ஒரு கரண்டிதான். கொல்லைக்குள்ள கறள் பிடிச்சுக் கிடக்கிற ஸ்கூட்டரை இரும்புக்குக் குடுக்கணும்."

"ஸ்கூட்டரையுமா? அது நம்மட சொத்து ராசாத்தி!"

"ஓடாத சொத்து. குடுத்தா காசு, இல்லாட்டி கடன் இல்ல."

அன்று காக்கா என்னிடம் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: "தம்பி, கடன் வாங்குற நாட்டுட கஷ்டம் இப்பதான் விளங்குது."

கட்டணத்தில் பங்கு தருகிறோம் என்று நாங்கள் கேட்டுப் பார்த்தோம். நன்கொடை நாட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று மறுத்துவிட்டார். ராத்தாவுக்கு அப்படி மரியாதை ஒன்றும் தடையாக இல்லை. ஹாஜறாவின் இடியப்பம், கடலுக்குப் போகிற வீட்டிலிருந்து கீரி மீன், எங்கள் வளவுத் தேங்காய் என்று எல்லாம் பின்கதவால் உள்ளே போனது. காலையில் காக்கா இடியப்பத்தைப் பிசைந்தபடி, "எங்கட ஜெமீலா செலவைச் சுருக்கிற விதமே வேற" என்று பெருமைப்படுவார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. பிறகு, நின்றுபோன வேலைகளை மறுபடி தொடங்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. கணக்கெடுக்க ஓர் அலுவலர் வந்தார். ஒழுங்கை முகப்பில் நின்று பலகையைப் படித்தார், குறித்தார், போய்விட்டார். சில கிழமை கழித்துப் பட்டியல் வந்தது. எங்கள் ஒழுங்கை அதில் இல்லை. காரணம் ஒரு வரியில் இருந்தது: 'ஏற்கனவே 17ஏயின் நிதியுதவியில் நீர் வழங்கப்படுகிறது.'

நான்தான் அதைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெயில் நேரத்தில் அவர் கோட்டைக் கழற்றியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"என்ட பலகையாலதான் தம்பி உங்களுக்குப் பைப் இல்லாமப் போன" என்றார். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மூன்று நாள் கண்காணிப்புக்கு வரவில்லை. ஹோஸ் மட்டும் நேரத்துக்கு வந்தது. அதை ராத்தா பார்த்துக்கொண்டார்.

நான்காம் நாள், கடன் கொடுத்த நாட்டிலிருந்து ஒரு பெண் அதிகாரி பெரிய ரோட்டுக் குழாய் வேலையைப் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டோம். காக்கா கோட்டில்லாமல், வெறும் சேட்டும் சாரனுமாகப் புறப்பட்டார். என்ன செய்துவிடுவாரோ என்ற பயத்தில் நானும் கூடவே போனேன். அலுவலர்கள் வளைத்து நிற்க, தொப்பி போட்ட அந்தப் பெண் வரைபடம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"மேடம், செவன்டீன் ஏ நோ கன்ட்ரி" என்றார். "செவன்டீன் ஏ மை ஹவுஸ். ஒன்லி மீ அன்ட் வைஃப்."

சுற்றி நின்றவர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் நாடாக நின்ற மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் விவரம் கேட்டார். பிறகு, "அந்த வீட்டைப் பார்க்கலாமா?" என்றார்.

பள்ளத்தோரமாக எல்லாரும் ஒழுங்கைக்குள் நடந்தோம். அவர் பலகையைப் படித்தார், ஹோஸைப் பார்த்தார், வாசலில் நின்ற ஹாஜறாவிடம் திட்டம் எப்படி என்று கேட்டார்.

"தண்ணி நல்லம். ஆனா மனிசன் ஃபோர்ம் நிரப்பவச்சே எங்கட உயிரை எடுத்துட்டார்."

மொழிபெயர்ப்பாளர் அதை, "மக்களின் பங்களிப்பு மிக அதிகம்" என்று மாற்றிச் சொன்னார்.

தண்ணீரின் தரத்தை எப்படிப் பரிசோதிக்கிறீர்கள் என்று அந்தப் பெண் காக்காவைக் கேட்டார். "நான் குடிச்சுப் பாக்கிறன் மேடம். பதினொரு வீட்டிலயும்" என்றார் காக்கா. அந்தப் பெண் தன் கையிலிருந்த போத்தலை வாகனச் சாரதியிடம் கொடுத்துவிட்டு, ஹாஜறாவிடம் ஒரு கிளாஸ் வாங்கி முழுதாகக் குடித்தார்.

"உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

"இவங்கட பேரை லிஸ்டில போடுங்க. என்ட பலகையைக் கழட்டுறன்."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போய், ஒழுங்கை முகப்பிலிருந்த தகரத்தைத் தன் கையாலேயே ஆணியோடு பிடுங்கினார். விரலில் இரத்தம் வந்தது. ஜெமீலா ராத்தா ஓடிவந்து முக்காட்டுத் தலைப்பால் சுற்றினார். "வேணுமெண்டே கையைக் கிழிக்கிற மனிசன்" என்று ஏசிக்கொண்டே சுற்றினார். ஏச்சில் சத்தமில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு பெக்கோ திரும்பி வந்தது. ஆட்டுக் குடும்பத்தை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, குழாயைப் புதைத்து, பள்ளத்தை மூடினார்கள். பதினொரு வீட்டிலும் தண்ணீர் வந்தது. ஹாஜறா முதல் நாள் முழுக்கக் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடியே பொழுதைப் போக்கினாள். ஒழுங்கையே பெருநாள் மாதிரிச் சிரித்துக் கிடந்தது.

காக்காவுக்குத்தான் வேலை இல்லாமல் போனது. பத்து நாள் வாசலில் கதிரையைப் போட்டுச் சும்மா இருந்தார். போன கிழமை பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். தோளில் அந்த ஹோஸ், கழுவித் துடைத்துச் சுருட்டியபடி இருந்தது.

"தம்பி, டீவியில ஒரு ஊரைக் காட்டினான். பொம்பளைகள் தண்ணிக்குக் காலையில போனா பின்னேரம்தான் வீட்டுக்கு வாறாங்க. நாட்டுட பேர் சரியா விளங்கல்ல. ஒருத்தி அப்பிடியே நம்மட ஹாஜறாட சாயல்."

"அது ஆபிரிக்கப் பக்கம் காக்கா. மிச்சம் தூரம்."

"எவ்வளவு தூரம்?"

"கடலுக்கு அங்கால."

அவர் ஒழுங்கையின் முடிவில் தெரிந்த கடலை ஒரு தரம் பார்த்தார். தோளில் கிடந்த ஹோஸை ஒரு தரம் பார்த்தார்.

"அப்ப இது காணாது. இன்னொரு ரோல் வாங்கணும், என்ன?"

அவரைப் பற்றி ஆயிரம் பகிடி சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவன் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து, எட்டாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரெண்டு ரோல் வாங்குவோம் காக்கா. ஒண்டு என்ட செலவு" என்றேன்.