காயாத பொய்மீன்

அந்தத் தை மாதம் பாகூர் ஏரிக்கரையில் கூடிய கூட்டம் தேர்த் திருவிழாவுக்குக்கூடக் கூடியதில்லை. கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்தே நடந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மரமீன். கல்யாண முருங்கைக் கட்டையை மீன்போலச் செதுக்கி, வண்ணம் தீட்டி, வயிற்றில் தூண்டில் முள் மாட்டியது. ஊரில் அதற்குப் பொய்மீன் என்று பெயர். நிஜ மீன் என்று நம்பி விரால் அதைக் கவ்வும். கவ்விய விரால் குழம்புக்குப் போகும்.

பொய்மீனுக்கு ஒரே ஒரு குறைதான். நாலு தடவை தண்ணீரில் விழுந்தால் வண்ணம் உரிந்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்கவே கண்ணாடிச் சித்தர் பொதிகை மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். பொதிகை மலை என்று அவரே சொன்னார். வேறு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை.

கரையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே இரண்டு செப்புக் கிண்ணங்கள். ஒன்றில் ஆண் எண்ணெய், மற்றதில் பெண் எண்ணெய். இரண்டையும் கொட்டாங்குச்சியில் விட்டுக் குச்சியால் கிளறியபடி சித்தர் ஏதோ முணுமுணுப்பார். சற்று நேரத்தில் கொட்டாங்குச்சி சுடும். அடுப்பில்லை, நெருப்பில்லை, ஆனாலும் சுடுகிறது! தொட்டுப் பார்த்தவன் கன்னத்தில் போட்டுக்கொள்வான். அந்த எண்ணெயைப் பூசிக் கொடியில் தொங்கவிட்டால் மறுநாள் பொய்மீன் கண்ணாடி போர்த்தியதுபோல் பளபளக்கும். தண்ணீரில் உரியாது. விரால் பல் பட்டாலும் பெயராது.

இதோடு நின்றிருந்தால் நல்ல வியாபாரி என்று விட்டிருக்கலாம். ஆனால் சிலருடைய மீன் மறுநாளும் காயாமல் பிசுபிசுத்தது.

"வூட்ல பாவம் இருக்குதுப்பா," என்பார் சித்தர். "நான் சொல்லல. எண்ணெய் சொல்லுது."

பாவத்துக்குப் பரிகாரம் உண்டு. ஒரு சேவல், ஒரு வெண்கலச் செம்பு. கொடுத்துவிட்டு மறுபடி பூசினால் மீன் கல்லாகக் காய்ந்துவிடும். எந்த வீட்டில் வெண்கலம் இருந்ததோ அந்த வீட்டில்தான் பாவமும் இருந்தது. எண்ணெய்க்கு நல்ல மோப்பம்.

ஆதிலட்சுமி வீட்டில் வெண்கலம் கிடையாது. அவளுக்கு வாய்தான் இருந்தது. கணவன் பக்கிரியோடு கொட்டகைக்குப் போன அன்று, "இது இன்னா எண்ணெய் சாமி? எதுல ஆட்டுனது?" என்று கேட்டுவிட்டாள். எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து எதையும் இப்படிக் கேட்டு வைப்பது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. சித்தர் சிரித்துக்கொண்டே பூசிக் கொடுத்தார். மறுநாள் பக்கிரியின் மீனில் ஈ ஒட்டிக்கொண்டு செத்திருந்தது.

"இது சேவலோட தீர்ற பாவம் இல்ல," என்றார் சித்தர், கூட்டம் கேட்க. "பொம்பள ஒழுக்கம் சம்பந்தப்பட்டது."

பக்கிரியின் முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அவளுடைய ட்ரங்குப் பெட்டியை இழுத்து வாசலில் வைத்தான்.

"வெள்ளிக்கெழம இன்னொரு தபா பூசறேன்னு சாமி சொல்லிக்கிறாரு. அன்னிக்கும் காயலன்னா ஒங்கம்மா வூட்டுக்குப் போயிடு."

"நான் இன்னாய்யா பண்ணேன்?"

"அத நீதான் சொல்லணும்."

ஆதிலட்சுமி எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். உட்கார்ந்து தன் பாவங்களை வரிசையாக யோசித்துப் பார்த்தாள். மாமியாருக்குத் தெரியாமல் புளி எடுத்தது. வகுப்புக்குப் போகிற அவசரத்தில் சோற்றைக் குழைய விட்டது. புது டீச்சரின் கணவர் அழகாக இருக்கிறார் என்று ஒருமுறை நினைத்தது. கடைசியில் கொஞ்சம் தடுமாறினாள். அது எண்ணெய்க்கு எப்படித் தெரிந்திருக்கும்?

வகுப்புத் தோழி செலின் மேரியிடம் போய் அழுதாள். செலின் மேரி வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பாகூருக்கு வாழ்க்கைப்பட்டவள். தோழியின் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.

"இரு, இரு. ரெண்டு எண்ணெயக் கலந்தா சுடுதா? மீன் கவுச்சி மாதிரி நாத்தம் அடிக்குதா?"

"ஆமா."

"அடிப்பாவி, அது பசைடி! எங்க ஊர்க் கோயில்ல கிறிஸ்மஸ் குடில்ல ஆட்டுக்குட்டி காலு ஒடஞ்சிபோச்சி. எங்கண்ணன் செபாஸ்டின் தவளக்குப்பம் இரும்புக் கடையில ரெண்டு டியூப்பு வாங்கியாந்து ஒட்டிச்சி. சிக்கனம் பண்றேன்னு ரெண்டாவது டியூப்ப கொஞ்சமா உட்டுது. ஒரு வாரம் ஆயும் பிசுபிசுன்னே இருந்திச்சி. சரிபாதி கலந்தப்புறம்தான் காஞ்சிது." சற்று யோசித்துச் சேர்த்தாள்: "அந்த ஆட்டுக்குட்டி இன்னாடி பாவம் பண்ணியிருக்கும்?"

ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் உடனே நம்பிவிடவில்லை. இருவரும் தவளக்குப்பம் போய் டியூப்புகள் வாங்கி வந்தார்கள். செலின் மேரி சரிபாதி கலந்து ஒரு குச்சியில் பூசினாள். காய்ந்தது. குறைத்துக் கலந்து இன்னொரு குச்சியில் பூசினாள். பிசுபிசுத்தது. ஒருவேளை செலின் மேரியின் கை புண்ணியக் கையோ என்று ஆதிலட்சுமிக்குச் சந்தேகம். அதே இரண்டையும் தன் கையால் கலந்து பார்த்தாள். பாவியின் கையென்று பசை பாரபட்சம் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை. ஒரு பெண்ணின் மானம் கொடியில் தொங்கப் போகிறது என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? கரும்புத் தோட்டக்காரர் அரங்கநாதன் குடும்பத்தோடு வந்திருந்தார். யாரோ வேர்க்கடலை விற்றார்கள்.

சித்தர் கொட்டாங்குச்சியில் ஆண் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். பெண் எண்ணெயை இரண்டே சொட்டு விட்டார். ஆதிலட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பொய்மீனை எடுக்கப் போகும்போது கை கூப்பினாள்.

"சாமி, ஒரு வேண்டுதல். இந்த எண்ணெய் பாவம் பட்டா காயாது. பாவமே இல்லாதவங்க பொருள்ல பட்டா?"

"கண்ணாடியா காயும் மகளே."

"அப்ப இந்தக் கொட்டாங்குச்சியில இருக்கறத ஒங்க மிதியடிக்கும் கொஞ்சம் பூசறேன். எம்மீனும் அதுவும் பக்கத்துல பக்கத்துல காயட்டும். நான் பாவி, நீங்க புண்ணியவான். ஊரே பாத்துக்கட்டும்."

சித்தரின் உதடுகள் முதல்முறையாக மந்திரம் இல்லாமல் அசைந்தன. "அதெல்லாம் வேணாம், மிதியடி பூசைப் பொருள்..."

அவரைக் காப்பாற்ற வேண்டிய பக்தர்களே அவரைக் கவிழ்த்தார்கள். "பூசு தாயி! சாமி பெருமை தெரியட்டும்!" என்று கூச்சல். தையலம்மாள் என்ற கிழவி ஓடிப்போய் மிதியடியைத் தூக்கி வந்து கண்ணில் ஒற்றி நீட்டினாள். சித்தர் வேறொரு புதுக் கலவைக்குக் கை நீட்டுவதற்குள் ஆதிலட்சுமி மீனுக்கும் மிதியடிக்கும் பூசி முடித்து, மீனைக் கொடியில் தொங்கவிட்டாள். மிதியடியைப் பித்தளைத் தட்டில் வைத்து, மல்லிகைப்பூ தூவி, அரங்கநாதன் தன் வீட்டுக் கூடத்துக்கே எடுத்துப்போனார். சித்தரையும் விடவில்லை. சாமி தங்கினால் வீட்டுக்கு நல்லதாம்.

மறுநாள் காலை, கொடியில் மீன் பிசுபிசுத்தபடியே இருக்க, தட்டு வெளியே வந்தது. மிதியடி முழுக்க மல்லிகை. மல்லிகைமேல் எறும்பு. ஒன்றில் கோழி இறகு செங்குத்தாக நின்றது. அரங்கநாதன் விரலை வைத்தார். விரலோடு மிதியடியும் கிளம்பியது.

கூட்டம் தட்டைச் சுற்றி நெருக்கியது. பிறகு ஒருவன் மெல்லக் கேட்டான்: "அப்ப சாமிக்கும் பொம்பள ஒழுக்கமா?"

"சாமி மேலயும் பாவம் இல்ல, எம்மேலயும் இல்ல," என்றாள் ஆதிலட்சுமி. முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு டியூப்பை எடுத்தாள். "இது கடையில விக்கிற பசை. சரியா கலந்தா காயும், கொறச்சா காயாது. பாருங்க." இரண்டு டியூப்பையும் எல்லார் முன்னாலும் பிதுக்கினாள். கலந்தாள். மந்திரம் சொல்லவில்லை. கொட்டாங்குச்சி சுட்டது. கைக்குக் கை மாறியது. கணவனின் ஈ ஒட்டிய மீனைச் சுரண்டித் துடைத்து, பூசி, வெயிலில் தொங்கவிட்டாள். சாயங்காலம் அதைத் தட்டியபோது டக் டக்கென்றது.

அதைக் கேட்கச் சித்தர் இல்லை. நடுப்பகலிலேயே வெறுங்காலோடு வரப்பில் இறங்கிவிட்டார். வெண்கலச் செம்புகளை மூட்டை கட்ட நேரம் கிடைக்கவில்லை. செம்புக்காரர்கள் கொட்டகையில் தத்தம் பாவத்தைத் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

பக்கிரி மீனைத் தட்டித் தட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. "காஞ்சிடிச்சி லட்சுமி! ஒம்மேல தப்பே இல்லன்னு மீனே சொல்லிடிச்சி பாரு!"

பின்னாலேயே தையலம்மாள் வந்தாள். கையில் அவள் பேரனின் பொய்மீன். சட்டென்று ஆதிலட்சுமியின் காலில் விழப் போனாள். "தாயி, ஒங்கையால இதுக்கும் பூசிக்குடு. அந்த ஆளு கையி ஆவல. ஒங்கையிலதான் அருள் இருக்குது!"

அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

ஆதிலட்சுமி மிச்சமிருந்த டியூப்புகளைக் கிழவியின் கையில் திணித்தாள். கணவனைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள்.

"விராலுக்கு மூள கடுகளவுதான். அது பொய்மீனக் கவ்வுனா ஞாயம் இருக்குது. ஒங்களுக்கு இன்னாய்யா கேடு?"