பானட்டுக்குப் பின்னால் ஒரு கை

இன்றைக்கு எப்படியாவது மனைவியைப் பேச வைத்தே தீருவது என்று நாலுவீலார் காலைக் காப்பியிலேயே சபதம் எடுத்தார். நாலு சக்கரமும் இழுக்கிற டிரக்கில் சாமான் ஏற்றிப் பிழைப்பவர் என்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர் அது. சபதத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை. வீட்டில் இருக்கும் ஒரே ஆள் அவரோடு பேசி எட்டு நாளாகிறது.

நுணலும் தன் வாயால் கெடும். போன வாரம் மச்சான் வந்திருந்தபோது, கியர் போட்டதும் டிரக் ‘டங்’ என்றது.

"என்ன மாப்ளே சத்தம்?"

"எல்லாம் உங்க தங்கச்சி ஓட்டுன லட்சணம்!"

வாரத்தில் ஒரு நாள்தான் அவள் ஓட்டுவாள். பூ மாதிரி ஓட்டுவாள். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கிடந்த மரத்தின் அடிக்கட்டையைச் சங்கிலி போட்டுப் பிடுங்கித் தருகிறேன் என்று மார்தட்டி, முன்னுக்கும் பின்னுக்குமாக வெட்டி வெட்டி இழுத்தவர் சாட்சாத் நாலுவீலார்தான். கட்டை அசையவில்லை. ‘டங்’ மட்டும் பிறந்தது. அது அவருக்கும் தெரியும். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கும் தெரியும்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. வேளாவேளைக்குத் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு கலகலவென்று பேசுவாள், போனில் அண்ணனோடு சிரிப்பாள். இவர் உள்ளே நுழைந்தால் குழாயை மூடினாற்போல நின்றுவிடும். பேப்பரை உரக்கப் படித்துப் பார்த்தார். பத்துத் தும்மல் போட்டுப் பார்த்தார். "உடம்புக்கு என்ன?" என்று கேட்கவில்லை, ஒரு மாத்திரை வந்து மேசைமேல் உட்கார்ந்தது. இருபத்தாறு வருஷமாக இவள் எப்போது பேச்சை நிறுத்துவாள் என்று காத்திருந்த மனுஷன், சுவர்க் கடிகாரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு சாப்பிட்டார். சாப்பாடு இறங்கவில்லை.

டிரக்குக்கு அடியில் படுத்துச் சக்கரத்துக்குப் போகும் தண்டை உலுக்கிப் பார்த்தபோதுதான் யோசனை உதித்தது. தண்டில் ஆட்டம் இல்லை. அப்படியென்றால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்தான் போயிருக்க வேண்டும். அதைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சைக் கொஞ்சமாக விட வேண்டும், முன்னுக்கு ஒரு தடவை, ரிவர்ஸில் ஒரு தடவை. இன்னொருவர் வெளியே நின்று, இன்ஜின் எழும்புகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வாயைத் திறக்காமல் எப்படிச் சொல்வாள்?

"இந்தாம்மா, ஒரு நிமிஷம் வாயேன். இன்ஜின் ஆடுதான்னு பாத்துச் சொல்லு. உன் கண்ணுக்குத் தப்புமா?" என்று ஐஸ் வைத்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தூக்கி நிறுத்திய இன்ஜின் மூடியான பானட் முன்கண்ணாடியை மறைத்ததால் அவள் முகம் தெரியவில்லை. அவர் இன்ஜினைக் கிளப்பிக் கிளட்சை விட்டார்.

"ஆடுதா?"

பானட்டின் ஓரமாக ஒரு கை மட்டும் வெளியே வந்து, ஆமாம் என்று கட்டைவிரலை உயர்த்தியது.

"எவ்வளவு?"

கை இரண்டு விரலை அகட்டிக் காட்டியது. இரண்டு அங்குலம்!

"எந்தப் பக்கம்?"

இடப்பக்கம் காட்டியது.

விட்டாரா நாலுவீலார்? கையால் பதில் சொல்லவே முடியாத கேள்வி ஒன்றைப் பிடித்தார்.

"அதெப்படிம்மா உடைஞ்சிருக்கும்?"

கை ஒரு கணம் யோசித்தது. பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி நேராக டிரைவர் சீட்டைச் சுட்டியது.

"யாரு, நானா?"

கை அசையவில்லை. நீட்டிய விரலில் கத்தி பட்ட காயம் ஒன்று இருந்தது. எப்போது வெட்டிக்கொண்டாள்? முன்பென்றால் அந்தக் காயத்தின் கதையை மூன்று தடவை கேட்டிருப்பார்.

"சரி... நான்தான்" என்று ஸ்டியரிங்கைப் பார்த்து முணுமுணுத்தார்.

கை உள்ளே போய், ஒரு காதுக்குப் பின்னால் குவிந்தபடி காதோடு சேர்ந்து வெளியே வந்தது. கேட்கவில்லையாம்.

"நான்தான் உடைச்சேன்! உன்மேல பழி போட்டது தப்பு!"

காது இன்னும் கொஞ்சம் நீண்டது. பாழாய்ப்போன டீசல் சத்தம்! சாவியைத் திருகி இன்ஜினை அணைத்த அதே வேகத்தில் தலையை வெளியே நீட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"கட்டையை இழுத்து மவுண்டிங்கை உடைச்சது நான்! உன் அண்ணன்கிட்ட புளுகினதும் நான்! என்கூடப் பேசும்மா! நீ பேசாம எனக்கு வீட்டுல இருக்கவே முடியல!"

இன்ஜின் நின்றுவிட்டதால் ஒரு சொல் பாக்கியில்லாமல் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. எதிர்மாடியில் துணி உலர்த்தியவர் கிளிப்பும் கையுமாக நின்றார். முனைக்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பானட் இறங்கியது. எட்டு நாளைக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"எதுக்குங்க இப்படி ஊரைக் கூட்டுறீங்க? எனக்கு முதல் தடவையே கேட்டுச்சு."