ஒரு மாத ஜனாதிபதியும் ஒரு துணிக்கொடியும்

"மார்ச் 4, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். ஒரே மாதம் ஆண்ட ஜனாதிபதிக்குப் புத்தகமும் ஒல்லியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்."

இதை எழுதிவிட்டு டெஸா ரீகெல் பேனாவை மூடினாள். எதிரே மேசைமேல் அந்த அமெரிக்க ஜனாதிபதி வில்லியம் ஹென்றி ஹாரிசன் கிடந்தார், அறுநூறு பக்கத்துக்கு மேல். கடுங்குளிரில் மேல்கோட்டு இல்லாமல் நின்று இரண்டு மணி நேரம் பதவியேற்பு உரை நிகழ்த்தி, அடுத்த மாதமே கண்ணை மூடியவர். அதற்கு முன் அறுபத்தெட்டு வருஷம் வாழ்ந்து தொலைத்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

விடியுமுன் எழுந்து டோனட் கடையில் மாவு பிசைகிற வேலை அவளுக்கு. அங்கேயே மேலாளராகிவிட்டால் விடிந்தபின் போனால் போதும். அதற்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மாலை வகுப்பில் சரித்திரம் தேற வேண்டும். பிடித்த சரித்திர மனிதர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டு வகுப்பில் பேசுவதுதான் பரீட்சை.

வாத்தியார் பகலில் ஃபுட்பால் கோச். ஒஹையோ மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் கோச்சாக வருபவர் தலையில் சரித்திரத்தையும் கட்டிவிடுவார்கள். இந்தக் கோச் லிண்ட்குவிஸ்ட் சரித்திரத்தையும் விசில் ஊதித்தான் நடத்துவார்.

"பக்க எண் சொல்லாம எவனும் எங்கிட்ட பதில் சொல்லக் கூடாது!"

மறுநாள் இரவு டெஸா நாற்பதாம் பக்கத்தில் தூங்கிப்போனாள். அதற்கடுத்த இரவும் அதே நாற்பதாம் பக்கம். கன்னத்தில் அச்சு எழுத்து ஒட்டியதுதான் மிச்சம்.

வகுப்பில் பக்கத்து இருக்கை வெர்னாவிடம் போய் நின்றாள். வெர்னா பள்ளி பஸ் ஓட்டுகிறவள். அவள் எடுத்திருந்தது இரண்டாவது ஜனாதிபதியின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ்.

"வெர்னா, மாத்திக்கலாமா? அந்தம்மா வெறும் கடுதாசிதானே எழுதினாங்க?"

"தாராளமா எடுத்துக்கோ கண்ணு. ஆனா என் முறை வர்ற செவ்வாய். அதையும் நீதான் எடுத்துக்கணும்."

டெஸா தலையாட்டிய பிறகுதான் வெர்னா பையைத் திறந்தாள். புத்தகம் ஹாரிசனைவிடத் தடிமன்.

"இவ்ளோ கடுதாசியா!"

"புருஷன் ஊர்லயே தங்கலியே. வேற என்ன செய்வா பாவம்?"

திங்கட்கிழமைவரை படித்தும் அபிகெயிலுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. டெஸா நூலகத்துக்கு ஓடி, குழந்தைகள் பகுதியில் குனிந்து தேடி, அபிகெயிலைப் பற்றி ஒரு படப் புத்தகம் எடுத்தாள். நின்றபடியே படித்து முடித்துவிட்டாள். அழகாக, தெளிவாக இருந்தது. அதுவே அவளுக்கு உறுத்தியது.

செவ்வாய் மாலை தடிப் புத்தகத்துக்குள் படப் புத்தகத்தைச் செருகிக்கொண்டு வகுப்பின் முன் நின்றாள்.

"வெள்ளை மாளிகைக்கு இவங்க குடிபோனப்ப அது கட்டி முடியவே இல்ல. பெரிய கூடத்துல கொடி கட்டித் துணி காயப் போட்டாங்க."

வகுப்பு சிரித்தது. டெஸாவுக்குத் தெம்பு வந்தது.

"பக்க எண்?" என்றார் கோச்.

"பதினொண்ணு."

கடைசி வரிசையில் டுவேன் கையைத் தூக்கினான். லிங்கனைத் தவிர யாரையும் மதிக்காதவன். "கோச், பதினோராம் பக்கத்துலயே வெள்ளை மாளிகையா? எங்காளு பதினோராம் பக்கத்துல பொறக்கவே இல்லியே!"

"ரீகெல், புத்தகத்தைத் தூக்கிக் காட்டு."

தூக்கினாள். படப் புத்தகம் நழுவித் தரையில் மல்லாந்து விழுந்தது. விரிந்த படத்தில் கொடியில் உள்பாவாடைகள் வண்ண வண்ணமாய்ப் பறந்தன. மூலையில் ஒரு பூனை.

"முடிஞ்சுது கதை," என்றான் டுவேன்.

"மன்னிச்சுக்கோங்க கோச்," என்றாள் டெஸா. "பெரிய புத்தகத்தைத் தொறந்தா தூக்கம் வருது. விடியறதுக்குள்ள வேலைக்குப் போகணும். ஆனா இந்தச் சின்னதை முழுசாப் படிச்சேன். என்ன வேணா கேளுங்க."

கோச் குனிந்து புத்தகத்தை எடுத்து, பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். பிறகு விசிலை ஊதி வகுப்பைக் கலைத்தார்.

"ரீகெல், நீ மட்டும் இரு."

மேலாளர் பதவி போயிற்று என்று டெஸா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் எத்தனை வருஷம் மாவு பிசைவது? கோச் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். குரல் ஏறக்குறைய கெஞ்சியது.

"தேர்ச்சி போட்டுடறேன். நாளைக்குக் காலைல முதல் வேலையா இந்தப் புத்தகத்தை நூலகத்துல திருப்பிக் குடுத்துடு. இதுக்கு நான் அங்க பேர் பதிஞ்சு காத்துக்கிட்டிருக்கேம்மா, அடுத்த வாரப் பாடமே இதுலருந்துதான்."