மூணு சாக்கு ஜல்லி

"ஒரே குவியல்னு சொன்னீங்க. டெஸ்டுக்கு அனுப்பின மூணு சாக்கும் மூணு தினுசா இருக்கே?" போனில் எஞ்சினியர் டெர்வின் கத்தினார்.

வண்டூர் ரோடு வேலைக்கான ஜல்லி யார்டில் நின்ற மத்தியாஸ் குவியலைத் திரும்பிப் பார்த்தார். மூணு குவாரி ஜல்லியையும் கலந்து பெரிய குவியலாகப் போட்டவர் அவர்தான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிச்சம் கேட் பக்கம் கிடந்தது, அவ்வளவுதான்.

"நல்லாத்தான் கலந்தேன் சார்."

"சனிக்கிழமை மறுபடி டெஸ்ட். பாஸாகலேன்னா அன்னிக்கே உங்களை நடு அந்தமான் ரங்கத் கேம்ப்புக்குக் கப்பலேத்திடுவேன். பக்கா!"

ஞாயிற்றுக்கிழமை மகள் பெனிட்டாவுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்கும் நாள். அப்பன் இல்லாமல் புதுநன்மையா!

லோடரை விட்டுக் குவியலைப் புரட்டினார். பெரிய கல்லெல்லாம் உருண்டு ஓரத்துக்கு வந்தது, பொடி நடுவில் தங்கிவிட்டது. இன்னும் உயரமாகக் கொட்டச் சொன்னார். கல் இன்னும் வேகமாக உருண்டது. அட, ஓரத்துக்குப் போன்னு இதுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? குத்தவைத்து உட்கார்ந்து அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தார். தண்ணீர் அடித்துப் பார்த்தார். பொடி கட்டி கட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மதியம் வீட்டில் சோற்றை விட்டுவிட்டு மிக்சர் டப்பாவை ஆட்டிக்கொண்டிருந்தார். "சிசிலியா, குலுக்கக் குலுக்கத் தூளெல்லாம் ஏன் அடிக்குப் போகுது?"

"டப்பாவைக் குடுங்க முதல்ல!" மனைவி பிடுங்கினாள். "குலுக்கினா பிரியத்தான் செய்யும். பிரியாணி மாதிரி பரத்திப் பரத்தி அடுக்குங்க. அப்புறம் மேலேருந்து அடி வரைக்கும் கரண்டியை விட்டு அள்ளுங்க. எல்லாத்திலயும் எல்லாம் வரும்."

அடடா! கை கழுவாமலே ஓடினார். கேட் பக்கத்து மிச்சத்தையும் விடவில்லை. எல்லாவற்றையும் மெல்லிசாக, நீளமாக, முப்பது அடுக்கு. பிறகு குறுக்கே வெட்டி வெட்டி, கேட் பக்கத்திலேயே ஒரே புதுக் குவியல். இரண்டு நாள் லோடர் டிரைவர் அவரைத் திட்டாத திட்டில்லை.

சனிக்கிழமை, வழக்கமாக டெஸ்டுக்குச் சாக்கு நிரப்பும் அங்கம்மாவே நிரப்பி அனுப்பினாள். சாயங்காலம் டெர்வின் நேரிலேயே வந்துவிட்டார்.

"கமால் பண்ணிட்டீங்க! மூணு சாக்கும் அச்சு அசல் ஒண்ணு. ரங்கத் கேன்சல்."

மத்தியாஸுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. "எல்லாம் அடுக்குற விதம் சார்."

அங்கம்மா தலையைச் சொறிந்தாள். "அதென்னமோண்ணே, போன தடவை கேட் பக்கம் மூணு குவியல் கிடந்துச்சு, குவியலுக்கு ஒரு சாக்கு அள்ளினேன், இந்தத் தடவை ஒண்ணுதான் இருந்துச்சு, அதான் மூணு சாக்கையும் ஒரே குழியில ரொப்பிட்டேன்."